3 லிட்டரிலிருந்து 54 லிட்டர் வரை

நீலன் என்னிடம் வந்தபோது ஓர் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் இருந்தான். வேலை மாறிப் போன சக ஊழியர் ஒருவர், "இதுக்குப் பெரிசா ஒண்ணும் வேலை இல்லைங்க, வாரம் ஒரு தடவை தண்ணிய மாத்துனா போதும்" என்று சொல்லி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடர்நீல உடம்பு, நீளமான வால், அதன் ஓரத்தில் மட்டும் மெல்லிய சிவப்பு. ஃபைட்டர் மீன் என்று மட்டும்தான் எனக்கு அப்போது தெரியும். பெட்டா என்ற பெயர்கூடப் பிறகு தெரிந்துகொண்டதுதான். அன்று மாலை தண்ணீர் மாற்றும்போது அளவுக் குவளையால் ஊற்றி எண்ணினேன். 3 லிட்டர்கூட இல்லை.

அந்தக் கிண்ணத்தில் அவன் 19 நாள் இருந்தான். எனக்கு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு, அதனால் நாள் கணக்கு சரியாகத் தெரியும். முதல் வாரம் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். இரண்டாம் வாரம் பெரும்பாலும் அடியில் படுத்திருந்தான். எப்போதாவது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பவும் கீழே போவான். 16-ஆம் நாள் காலையில் அவன் வாலில் அரைவட்டமாக ஒரு துண்டு காணவில்லை. கிண்ணத்தில் வேறு உயிரே இல்லை. தன் வாலைத் தானே கடித்திருக்கிறான். நீண்ட வால் கொண்ட பெட்டாக்கள் நெருக்கடியில் இப்படிச் செய்வதுண்டு என்று அன்றுதான் படித்தேன். அந்த அரைவட்டத்தைப் பார்த்த பிறகு என்னால் அந்தக் கிண்ணத்தை மேசையில் வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியவில்லை.

"வயல்ல, குட்டையில இருக்கிற மீன்தானே, சின்ன இடமே போதும்" என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாதி உண்மை என்பதால்தான் இந்தப் பேச்சு இன்னும் நிலைத்திருக்கிறது. பெட்டாவின் சொந்த இடம் தாய்லாந்தின் நடுப்பகுதி, சாவ் பிரயா ஆற்றின் சமவெளி. நெல் வயல், சதுப்பு, மெல்ல ஓடும் வாய்க்கால். தண்ணீர் முழங்கால் ஆழம்கூட இருக்காது, ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும். புல்லும் பாசியும் இலைச்சருகும் நிறைந்த அந்தத் தண்ணீரில் ஒவ்வொரு ஆண் மீனும் தனக்கென ஓர் எல்லையை வைத்துக்கொள்ளும். கோடையில் தண்ணீர் வற்றி, வெதுவெதுப்பாகி, அதில் ஆக்சிஜன் குறையும்போது சமாளிப்பதற்காக அதன் செவுளுக்கு மேலே லேபிரிந்த் என்ற மடிப்பு மடிப்பான உறுப்பு இருக்கிறது. அதனால்தான் மேலே வந்து காற்றைச் சுவாசிக்க முடிகிறது. வறட்சியில் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அமைந்த உறுப்பைக் காரணம் காட்டி, ஆயுள் முழுவதும் அந்த மீனை வறட்சியிலேயே வைக்கிறோம்.

அந்த உறுப்பால் ஆக்சிஜன் பிரச்சினை மட்டும்தான் தீரும். மீனின் கழிவு தீராது. மீன் வெளியேற்றும் அம்மோனியாவில் பெரும்பகுதி செவுள் வழியாகவே தண்ணீரில் கலக்கிறது. மீன் ஒன்றுதான், அது விடும் அம்மோனியாவும் அதே அளவுதான். அது 20 லிட்டரில் கலப்பதற்கும் 3 லிட்டரில் கலப்பதற்கும் ஏறக்குறைய ஏழு மடங்கு வித்தியாசம். காற்றை விழுங்கிக்கொண்டே அந்த மீன் தன் கழிவில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும், வெளியே இருந்து பார்க்கிறவருக்கு உயிரோடுதானே இருக்கிறது என்று தோன்றும்.

இன்னொன்று வெப்பம். பெட்டாவுக்கு 25 முதல் 27 டிகிரி வரை சுகமாக இருக்கும். அதைவிட முக்கியம், அது சீராக இருக்க வேண்டும். நீலனின் கிண்ணத்தில் ஒரே நாளில் அதிகாலை 23, மதியம் 28 என்று தெர்மாமீட்டர் காட்டியது. 20 லிட்டர் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது, அவ்வளவு சீக்கிரம் ஆறவும் ஆறாது. அப்புறம் ஒரு சிறிய ஹீட்டரும், பஞ்சு வழியாகத் தண்ணீரைச் சுத்தமாக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வைக்க வேண்டுமானால், கிண்ணத்தில் அவற்றுக்கே இடம் இருக்காது.

என்னுடைய கணக்கில் ஒரு பெட்டாவுக்கு, தனியாக, உள்ளே நிற்கும் தண்ணீர் 20 லிட்டர் வேண்டும். 5 கேலன் என்று எங்கும் படித்திருப்பீர்கள். அமெரிக்கக் கேலன் என்றால் அது 19 லிட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆக இரண்டும் ஒன்றுதான். 10 லிட்டரில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அங்கே ஒரு வாரம் தண்ணீர் மாற்ற மறந்தாலும் மீன்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். பெரிய தொட்டி என்றால் வேலை அதிகம் என்று நினைத்துப் பலர் சிறியதை வாங்குகிறார்கள். நடப்பது நேர்மாறாக. கிண்ணத்தில் இருந்தபோது நாள் விட்டு நாள் தண்ணீரோடு போராடினேன். 20 லிட்டருக்கு மாறிய பிறகு, கழிவை மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேறியதும், வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும் என்றாகிவிட்டது.

"உள்ளே நிற்கும் தண்ணீர்" என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். அது கண்ணாடியின் கொள்ளளவு. பெட்டா துள்ளும் என்பதால் மேலே நான்கைந்து சென்டிமீட்டர் விட்டுத்தான் நிரப்ப வேண்டும், மணலும் கல்லும் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும். நீலனுக்கு நான் வாங்கியது 40×25×25, அதாவது 25 லிட்டர். 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் 20 லிட்டர். பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பி வாங்கினால் இந்த அளவுத் தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு கையைவிட்டுப் போயிருக்கும்.

லிட்டரைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தொட்டியின் வடிவம். மூன்று தொட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது 45×30×20. இரண்டாவது 30×30×30. மூன்றாவது 25×25×43, மேசை ஓரத்தில் அழகாக நிற்கும் உயரமான தொட்டி. மூன்றும் கிட்டத்தட்ட 27 லிட்டர்தான். பெட்டாவுக்கு மூன்றும் ஒன்றல்ல. அது ஒவ்வொரு முறை மூச்சு வாங்கவும் மேலே வர வேண்டும். அதன் உடம்பே ஆறேழு சென்டிமீட்டர்தான். அதில் வால் அரைவட்டமாக விரியும் ஹாஃப்மூன் வகையாக இருந்தால், உடம்பைவிடப் பெரிய துணியைக் கட்டிக்கொண்டு நீந்துவது போல அந்த வாலையும் சுமந்து வர வேண்டும். மூன்றாவது தொட்டியின் அடியில் படுத்திருக்கும் மீன் ஒரு வாய் காற்றுக்கு 40 சென்டிமீட்டர் ஏற வேண்டும். மீன் இளமையாக இருக்கும்போது ஏறிவிடும். உடம்பு சரியில்லாத நாளிலும் வயதான பிறகும் அதுவே அதற்கு மலையாகிவிடும். முதல் தொட்டியில் ஒரு துடுப்பு வீச்சில் மேலே வந்துவிடலாம், எஞ்சிய வலிமையில் 45 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுற்றியும் வரலாம். மேற்பரப்பைக் கணக்கிட்டால் முதல் தொட்டிக்கு 1350 சதுர சென்டிமீட்டர், மூன்றாவதற்கு 625. பாதிகூட இல்லை. ஆண் பெட்டா தன் எச்சிலால் நுரைக்கூடு கட்டுவதும், உலவுவதும், எல்லை பார்ப்பதும் பெரும்பாலும் இந்த மேற்பரப்பை ஒட்டித்தான். ஆகவே கையில் இருக்கும் காசுக்கு நீளமாக வாங்குங்கள், உயரமாக வேண்டாம்.

மூடி கட்டாயம். துள்ளுவது ஒரு காரணம். தண்ணீருக்கும் மூடிக்கும் இடையே வெதுவெதுப்பான ஈரக்காற்று தங்கும் என்பது இன்னொரு காரணம், அந்தக் காற்றைத்தான் அது சுவாசிக்கிறது. ஃபில்டரின் வேகம் குறைவாக இருக்கட்டும், நீண்ட வால் கொண்ட மீனை நீரோட்டம் தள்ளிக்கொண்டே இருந்தால் அது ஓய்ந்துவிடும். மேற்பரப்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே ஓர் அகலமான இலை வையுங்கள், அனுபியாஸ் செடியின் இலை நன்றாக இருக்கும். பெட்டா அதன்மேல் படுத்துத் தூங்குவதைப் பார்த்தால் இதை ஏன் சொன்னேன் என்று தெரியும்.

புதுத் தொட்டியில் அன்றே மீனை விடுவது பற்றியும் சொல்ல வேண்டும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். நீலனின் நிலைமையில் அவ்வளவு காத்திருக்க முடியவில்லை. பல வருடமாகத் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஓடிக்கொண்டிருந்த தன் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டிக் கொடுத்தார். அதை என் ஃபில்டரில் வைத்து, தினமும் டெஸ்ட் கிட்டில் அளந்து, அம்மோனியா கொஞ்சம் தெரிந்தாலும் அன்றே தண்ணீர் மாற்றி, 12 நாளில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தன. நீலனின் வால் வளர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. புதிதாக வளர்ந்த பகுதி முதலில் கண்ணாடி போல நிறமில்லாமல் இருந்தது, பிறகு மெல்ல நீலம் ஏறியது. அவன் முதல் நுரைக்கூடு கட்டிய தேதியும் நோட்டில் இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் அம்மா ஒரு நாள் தொட்டி முன்னால் நின்று, "இத்தனை பெரிய தொட்டியில ஒத்தையா கெடக்கே, ஒரு துணை வேண்டாமா அதுக்கு?" என்று கேட்டாள். எனக்கும் அதே எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்வியின் பிடியில்தான் என் பெரிய தவறு நடந்தது.

ஸ்பாஞ்ச் கொடுத்த நண்பரிடம் கப்பி என்ற சின்ன மீன்கள் பெருகிக் கிடந்தன. மூன்று ஆண் கப்பிகளை வாங்கிவந்து 20 லிட்டரில் விட்டேன். ஆரஞ்சு நிறத்தில் விசிறி போன்ற வால். நீலன் அவற்றைக் கண்டதும் செவுளை விரித்து, துடுப்பெல்லாம் நிமிர்த்தி எதிரே வந்து நின்றான். எவ்வளவு அழகு என்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் ஒரு கப்பிக்கு வால் பாதி இல்லை. மாலையில் மற்ற இரண்டும் ஹீட்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வெளியே வரவே இல்லை. மூன்றாம் நாள் ஒன்று செத்துக் கிடந்தது. நீலனின் துடுப்பிலும் புதுக் கிழிசல்கள். ஓடிக்கொண்டே அவையும் அவனைக் கொத்தியிருக்கின்றன. மீதி இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். செத்த கப்பிக்கு நான்தான் பொறுப்பு.

பெட்டாவைத் தாய்லாந்தில் 'பிளா கட்' என்பார்கள், கடிக்கும் மீன் என்று பொருள். சண்டைக்காகவே நூற்றாண்டுக் கணக்கில் தேர்ந்து தேர்ந்து வளர்க்கப்பட்ட மீன். பளிச்சென்ற நிறமும் அலையும் பெரிய வாலும் அதன் கண்ணுக்கு இன்னொரு ஆண் பெட்டா. கப்பி எவ்வளவு சாது என்பது அங்கே கணக்கிலேயே வராது. அதோடு 20 லிட்டரில் ஓடி ஒளிய எங்கே இடம்? எல்லை பிடித்து வாழும் மீனுக்குத் தனிமை என்பது தண்டனை இல்லை. துணை வேண்டும் என்பது அம்மாவின் ஆசை, என் ஆசை. அதில் தப்பில்லை, நானும் பிறகு வைத்தேன். ஆனால் மீனுக்காகச் செய்கிறோம் என்று நினைத்துச் செய்யாமல், நமக்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்தால், மீன் ஒத்துவரவில்லை என்னும்போது பிடிவாதம் பிடிக்கமாட்டோம்.

நீலன் அதன்பிறகு தனியாகத்தான் இருந்தான். கூட ஒரு நெரைட் நத்தை மட்டும். 20 லிட்டருக்கு அதுவே போதும் என்பேன். நெரைட் கண்ணாடியில் படியும் பாசியைச் சுத்தமாக மேயும், நன்னீரில் அதன் முட்டை பொரியாது என்பதால் பெருகிவிடும் கவலையும் இல்லை. வெள்ளைப் புள்ளி புள்ளியாகக் கல்லிலும் மரத்துண்டிலும் முட்டை ஒட்டிவிட்டுப் போகும், சுரண்டினாலும் லேசில் போகாது. அது பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான். மிஸ்டரி நத்தை பெரியது, அழகு. ஆனால் அதன் நீண்ட உணர்கொம்புகளைப் புழு என்று நினைத்துப் பெட்டா கடிக்கும். நீலன் என்னிடம் 2 வருடம் 2 மாதம் இருந்தான்.

அவன் போனபிறகுதான் 60×30×30 தொட்டி வாங்கினேன். கொள்ளளவு 54 லிட்டர், 26 சென்டிமீட்டருக்கு நிரப்பினால் 47 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. துணை மீன்கள் வேண்டுமென்றால் இதிலிருந்துதான் யோசிக்கத் தொடங்கலாம் என்பது என் கருத்து. 40 லிட்டரில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு மனம் ஒப்பவில்லை. (இதை வைக்கும் மேசையைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்ந்து 60 கிலோவைத் தாண்டும்.)

இந்த முறை அவசரப்படவில்லை. யார் யார் எந்த உயரத்தில் வாழ்வார்கள் என்று பார்த்தேன். பெட்டா மேல்தட்டு மீன். அதனால் நடுவிலும் அடியிலும் இருப்பவர்கள் வேண்டும். வால் சின்னதாக இருக்க வேண்டும், நிறம் கண்ணைப் பறிக்கக் கூடாது, பிறர் துடுப்பைக் கொத்தும் பழக்கம் இருக்கக் கூடாது, 25, 26 டிகிரியில் வாழ வேண்டும். கடைசியாக ஒன்று, என் தண்ணீரில் அவை எண்ணிக்கை குறையாமல் இருக்க இடம் வேண்டும். கூட்டமாக வாழும் மீனை இரண்டு மூன்றாக வாங்கி வைப்பது அந்த மீன்களுக்குச் செய்யும் கொடுமை. டெட்ரா என்ற சிறு மீன் கூட்டம் இல்லாவிட்டால் பயத்தில் ஒடுங்கிக் கிடக்கும், அல்லது அந்தப் பதற்றத்தில் பெட்டாவின் வாலைக் கொத்தும்.

நடுத்தட்டுக்கு ஹார்லெக்வின் ரஸ்போரா 8. செம்புநிற உடம்பு, பின்பாதியில் கருப்பு முக்கோணம், சட்டென்று திரும்பும் வேகம். பெட்டாவால் துரத்திப் பிடிக்க முடியாது. அடித்தட்டுக்குப் பிக்மி கோரி என்ற குட்டிக் கெளுத்தி 8. வளர்ந்தாலும் 3 சென்டிமீட்டரைத் தாண்டாது. அடியில் கூழாங்கல் போடாமல் மெல்லிய மணல் போட்டேன், ஏனென்றால் கோரிகள் மீசையால் மணலைக் கிளறித்தான் இரை தேடும், கூரான கல்லில் அந்த மீசை தேய்ந்து போகும். பெரிய கோரி வேண்டும் என்றால் ஸ்டெர்பாய் வகை வெதுவெதுப்பைத் தாங்கும், ஆனால் அதற்கு இதைவிடப் பெரிய தொட்டி தேவைப்படும். கூலி லோச் இன்னொரு நல்ல தேர்வு. பகலில் மரத்துண்டுக்கு அடியில் பதுங்கிவிட்டு இரவில்தான் வரும், பெட்டாவோடு முகம் பார்க்கவே நேரம் இருக்காது. எம்பர் டெட்ராவும் சரிவரும். நியான் டெட்ரா பலரும் வைக்கிறார்கள், பெட்டாவை விடச் சற்றுக் குளிர்ந்த தண்ணீர் அதற்குப் பிடிக்கும் என்பதால் நான் எடுக்கவில்லை.

டைகர் பார்ப், செர்பே டெட்ரா இரண்டும் வேண்டவே வேண்டாம், பெட்டாவின் வாலைக் கந்தலாக்கிவிடும். கௌராமிகள் பெட்டாவின் சொந்தக்காரர்கள், அதே குடும்பம், அதே லேபிரிந்த் உறுப்பு, அதே மேல்தட்டு. அதனால் மோதல் உறுதி. தங்கமீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், அது விடும் கழிவும் மிக அதிகம். பாசி தின்னும் என்று கொடுக்கும் சாதாரணப் பிளெகோ ஒரு சாணுக்கு மேல் வளர்ந்து நிற்கும். செர்ரி இறால்களை நான் 15 விட்டேன், பாசிக்குள் ஒளிந்த நாலு மட்டும் மிஞ்சின, குட்டிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அமானோ இறால் உருவத்தில் பெரியது, அதற்குக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. ஆண் பெட்டாவையும் பெண் பெட்டாவையும் இனப்பெருக்கத்துக்கான சில நாள் தவிர ஒன்றாக வைக்கக் கூடாது. பெண் பெட்டாக்களைக் கூட்டமாக வைப்பது பற்றி நிறையப் படங்கள் பார்த்திருப்பீர்கள். என் நண்பர் 80 லிட்டரில் ஐந்து பெண்களை வைத்தார். மூன்று மாதம் அமைதியாக இருந்தது. பிறகு ஒரே வாரத்தில் இரண்டு செத்துவிட்டன. நான் அதைச் செய்யமாட்டேன்.

தொட்டி ஆறு வாரம் செடிகளோடு மட்டும் ஓடியது. கோரிகள் முதலில், மூன்று வாரம் கழித்து ரஸ்போரா. ஒவ்வொரு கூட்டத்தையும் முதலில் தனித் தொட்டியில் மூன்று வாரம் வைத்து, வெள்ளைப்புள்ளி நோய் ஏதும் தெரியவில்லை என்று பார்த்த பிறகே உள்ளே விட்டேன். பெட்டாவைக் கடைசியில்தான் விட வேண்டும். முதலில் விட்டால் முழுத் தொட்டியும் தன்னுடையது என்று அது முடிவு செய்துவிடும், பிறகு வருகிறவரெல்லாம் அத்துமீறி வந்தவர்களாகிவிடுவார்கள்.

அந்தக் கடைசி இடத்துக்கு வந்தவன் முத்து. பால்வெள்ளை ஹாஃப்மூன். கண்ணாடி காட்டினால்கூட அரைமனதாகத்தான் செவுளை விரிப்பான். இவ்வளவு சாதுவான மீன் கிடைத்ததே என்று மகிழ்ந்தேன். விட்ட அன்று மாலையே ரஸ்போராக்களைத் துரத்தத் தொடங்கினான். பிடிக்க முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. நீண்ட வாலை இழுத்துக்கொண்டு 60 சென்டிமீட்டரும் ஓடி, களைத்து, இலையில் படுத்து மூச்சு வாங்கி, மறுபடி எழுந்து ஓடினான். செடியை அடர்த்தியாக்கினேன், விளக்கைக் குறைத்தேன். நாலாம் நாள் சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை, வால் ஓரம் கிழிந்திருந்தது. ரஸ்போராக்கள் எட்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கிடந்தன. அன்றிரவே அவனை நீலனின் பழைய தொட்டிக்கு மாற்றினேன். ஒரு வாரத்தில் நுரைக்கூடு கட்டினான். 20 மாதம் அங்கே தனியாக, எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்தான். நெரைட்டை மட்டும் முதல் இரண்டு நாள் கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

ஒரு மாதம் கழித்துக் கனல் வந்தான். ரத்தச் சிவப்பு, குட்டை வால் கொண்ட வகை, மீன் வளர்ப்பவர்கள் பிளாகட் என்று சொல்வது இந்த வகையைத்தான். சண்டை மீன்களின் உடல்வாகு, வேகம், முரட்டுப் பார்வை. விரலைக் கண்ணாடியில் வைத்தால் விரலோடு மோத வருவான். முத்துவே இப்படி என்றால் இவன் என்ன செய்வானோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதே தொட்டி, அதே 8 ரஸ்போரா, அதே 8 கோரி. செடிகளையும் கல்லையும் மட்டும் இடம் மாற்றி வைத்திருந்தேன். முதல் நாள் முழுக்கச் செவுளை விரித்துக்கொண்டு வலம் வந்தான். ரஸ்போராக்கள் விலகிப் போயின, அவன் பின்னால் போகவில்லை. இரண்டாம் நாள் கோரி ஒன்றை மேலிருந்து உற்றுப் பார்த்தான். மூன்றாம் நாளிலிருந்து அவர்கள் இருப்பதையே அவன் பொருட்படுத்தவில்லை. நீண்ட வால் இல்லாததால் அந்த 60 சென்டிமீட்டர் நீளத்தை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டவனும் அவன்தான். இதனால்தான் எந்த மீனோடு பெட்டா சேரும் என்று யாராவது கேட்டால், உங்கள் பெட்டா எது என்று நான் திருப்பிக் கேட்கிறேன். பட்டியல் எல்லாம் ஆபத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

துணை மீன் வாங்கும் முன் இன்னொரு 20 லிட்டர் தொட்டி தயாராக இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கான ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியின் மூலையிலேயே ஓடவிட்டால் பாக்டீரியா உயிரோடு இருக்கும், தேவைப்பட்ட அன்றே தொட்டியைப் பயன்படுத்தலாம். முத்துவை அன்று காப்பாற்றியது அந்த ஏற்பாடுதான். ஒரு நாள் செவுள் விரிப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரே மீனைத் திரும்பத் திரும்பத் துரத்துவது, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு கிடப்பது, சாப்பாட்டை மறுப்பது, சிறு மீன்கள் மூலையை விட்டு வராதது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே பிரியுங்கள்.

சாப்பாட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. கோரிகளுக்காகப் போடும் மூழ்கும் உருண்டைகளைப் பெட்டா கீழே போய்த் தின்றுவிடும். ஒருமுறை கனலின் வயிறு பந்து போல உப்பி, இரண்டு நாள் பட்டினி போட வேண்டியிருந்தது. இப்போது அவனுக்கு இடது ஓரத்தில் முதலில் கொடுத்து முடிக்கிறேன், விளக்கணைத்து அரைமணி கழித்து வலது மூலையில் கோரிகளுக்குப் போடுகிறேன். இருட்டில் மீசையால் தேடுகிறவர்களுக்கு வெளிச்சம் தேவையில்லை.

கனல் என்னிடம் வந்து இரண்டரை வருடம் ஆகிறது. பெட்டாவின் ஆயுள் மூன்று வருடத்தை ஒட்டித்தான், நன்றாக இருந்தால் நாலைந்து. சிவப்பு மங்கி, முதுகு லேசாக வளைந்திருக்கிறது. போன மாதத்திலிருந்து மேலே ஏற இரண்டு முயற்சி எடுக்கிறான். முதலில் பாதி ஏறி அனுபியாஸ் இலையில் நிற்கிறான், பிறகு மீதி. அதனால் தண்ணீரை 18 சென்டிமீட்டருக்கு இறக்கினேன். அப்படி இறக்கியதும் மொத்தம் 32 லிட்டர்தான் நிற்கிறது, அதில் 17 மீன்கள். வாரம் ஒரு முறை மாற்றிய தண்ணீரை இப்போது இரண்டு முறை மாற்றுகிறேன். ஆனாலும் ரஸ்போராக்களின் வேகம் இப்போது அவனுக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று படுகிறது. அவை சாப்பாட்டுக்குப் பாயும்போது அவன் இலையை விட்டு நகர்வதில்லை.

முத்து போய்ப் பத்து மாதமாகிறது. அவன் தொட்டி காலியாக இருக்கிறது, அதன் ஸ்பாஞ்ச் இந்தத் தொட்டியின் பின்மூலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நேற்று அந்தத் தொட்டியைக் கழுவி, 16 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, ஹீட்டரை 26-இல் வைத்தேன். இரண்டு தொட்டியின் தெர்மாமீட்டரும் ஒரே எண்ணைக் காட்டியதும் கனலை அவன் படுக்கும் அந்த இலையோடு சேர்த்து மாற்றிவிடுவேன்.